கேள்விக்கு உரிய இடம்



மென்பொருள் ஆவணங்களில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற தலைப்பில் ஒரு பகுதி வரும். அதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பல இடங்களில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பதில்லை. கையேட்டில் இடம் கிடைக்காத செய்திகள் எல்லாம் கடைசியில் இங்கே வந்து சேர்கின்றன. விற்பனைப் பிரிவு சொல்ல விரும்பியதும், சட்டப் பிரிவு சேர்க்கச் சொன்னதும், வெளியீட்டுக்கு முதல் நாள் அவசரமாக எழுதியதும் ஆளுக்கொரு கேள்விக்குறியோடு வரிசையில் நிற்கின்றன. ஆனால் ஒருவர் இந்தப் பக்கத்தைத் திறக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். வேலை பாதியில் நின்றுவிட்டது, மேலே போக வழி தெரியவில்லை, அப்போதுதான் வருகிறார். உதவி மிகவும் தேவைப்படும் வாசகருக்கு, இருப்பதிலேயே குறைந்த அக்கறையோடு எழுதிய பக்கத்தைத் தருகிறோம். இது மாற வேண்டும்.

நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். கையேடு என்பது மென்பொருளின் உள்ளமைப்பை ஒட்டி, காரணங்களின் வரிசையில் அடுக்கப்படுகிறது. பயன்படுத்துவோர் கண்ணில் படுவதோ அறிகுறி. நோயாளி தலைவலி என்று சொல்லிக்கொண்டு வருகிறார். மருத்துவ நூல் நோய்களின் பெயரால் பகுக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் மென்பொருள் ஆவணத்திலும் இருக்கிறது. அறிகுறியோடு வருபவரைக் காரணம் எழுதப்பட்டிருக்கும் பக்கத்தில் கொண்டுசேர்ப்பது கேள்வி-பதில் பகுதியின் தனி வேலை. அந்த வேலையைச் செய்யும் கேள்விக்கு மட்டுமே அங்கே இடம் உண்டு. எதைச் சேர்ப்பது, எப்படித் தலைப்பிடுவது, எந்த வரிசையில் வைப்பது, எப்போது நீக்குவது ஆகிய நான்கு முடிவுகளும் இந்த ஒரு கொள்கையிலிருந்தே கிடைக்கின்றன.

இந்த வடிவம் பிறந்த சூழலே இதற்கு முதல் சான்று. 1980களின் முற்பகுதியில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் விண்வெளி பற்றிப் பேசிய ஒரு மின்னஞ்சல் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த யூஜின் மியா, அந்தக் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்து மீண்டும் மீண்டும் வெளியிடத் தொடங்கினார். பின்னர் யூஸ்நெட் செய்திக் குழுக்களில் இந்த வழக்கம் வேரூன்றியது. சி நிரல்மொழிக் குழுவுக்காக ஸ்டீவ் சம்மிட் தொகுத்த பட்டியல் 20 பிரிவுகளாக வளர்ந்து, 1995இல் அடிசன்-வெஸ்லி பதிப்பகத்தின் வழியே நூலாகவும் வந்தது. இந்தப் பட்டியல்களில் கேள்வியை ஆசிரியர் உண்டாக்கவில்லை. பலர் கேட்டுச் சலித்த கேள்வி முதலில் இருந்தது, பதில் பிறகு வந்தது. 'அடிக்கடி' என்ற அடைமொழி அப்போது ஒரு பதிவு செய்யப்பட்ட உண்மை. இன்றைய நிறுவன ஆவணங்களில், மென்பொருள் வெளிவருவதற்கு முன்பே, ஒருவர்கூடக் கேட்பதற்கு முன்பே, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் தயாராகிவிடுகின்றன. வடிவம் மிஞ்சியிருக்கிறது, அதற்கு உயிர் கொடுத்த சான்று இல்லை.

அறிகுறிக்கும் காரணத்துக்கும் உள்ள தூரத்தை ஓர் உண்மையான எடுத்துக்காட்டில் பார்ப்போம். எஸ்கியூலைட் என்பது ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தரவுத்தள மென்பொருள். நம் கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. அதன் கேள்வி-பதில் பக்கத்தில், வரிகளைச் சேர்க்கும் இன்செர்ட் கட்டளை மிகவும் மெதுவாக ஓடுகிறது, ஒரு விநாடியில் சில டசன் வரிகளைத்தான் சேர்க்க முடிகிறது என்று ஒரு முறையீடு வருகிறது. பதில் என்ன? சாதாரண மேசைக் கணினியிலேயே விநாடிக்கு 50,000 இன்செர்ட்டுகளை எஸ்கியூலைட் செய்யும். ஆனால் டிரான்சாக்‌ஷன்கள், அதாவது ஒரே மூச்சில் முடிக்கப்படும் மாற்றத் தொகுப்புகள், சில டசன்தான் நடக்கும். ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் தரவு வட்டில் பத்திரமாக எழுதப்படும் வரை காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் அப்படி விநாடிக்குச் சுமார் 60தான் முடியும். தனியாகச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு இன்செர்ட்டும் ஒரு டிரான்சாக்‌ஷன் ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் பிகின், கமிட் என்ற இரு கட்டளைகளுக்கு நடுவில் வைத்தால் வேகம் வந்துவிடும். இப்போது கவனியுங்கள்: இந்த விளக்கத்துக்கு முறையான இடம் டிரான்சாக்‌ஷன் பற்றிய அத்தியாயம். ஆனால் தவிக்கும் மனிதர் அந்த அத்தியாயத்தைத் திறக்க மாட்டார். தம் பிரச்சினை டிரான்சாக்‌ஷன் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அவருக்குப் பிரச்சினையே இருந்திருக்காது. அவரிடம் இருப்பது 'மெதுவாக இருக்கிறது' என்ற ஒரே செய்திதான். கையேட்டை எவ்வளவு அருமையாக எழுதினாலும் இந்த இடைவெளி அப்படியே இருக்கும்.

ஆகவே தலைப்பை யாருடைய சொல்லில் எழுதுவது என்பது நடை பற்றிய சிறு விஷயம் அல்ல. 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு அழுத்தமான சான்று தருகிறது. ஒரே பொருளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால், இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதைக்கூட எட்டவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஆவணம் எழுதுபவருக்கு மிக இயல்பாகத் தோன்றும் சொல், வாசகரில் பெரும்பான்மையோர் மனத்தில் வராத சொல் என்பதே இதன் பொருள். இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, தலைப்பு கேட்டவரின் சொல்லிலேயே இருக்க வேண்டும். இணையத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ மென்பொருளின் ஆவணத்தில், சிக்கல் தீர்க்கும் பகுதியில், கட்டளை கிடைக்கவில்லை என்று திரையில் வரும் பிழைச் செய்தியே, வந்த வடிவத்திலேயே, தலைப்பாக இருக்கிறது. திரையில் கண்டதை அப்படியே எடுத்துத் தேடுபவருக்கு அது உடனே அகப்படும். இரண்டாவது, ஒரு கேள்வியைப் பலர் பலவிதமாகக் கேட்பார்கள். அந்த மாற்றுச் சொற்களும் பதிலின் உள்ளே எங்காவது இடம்பெற வேண்டும்.

எந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பது? இதற்கு நம் இலக்கணத்திலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்தவர் பிறருக்காகக் கேட்பது அறிவினா; தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா; இதுவா அதுவா என்று தடுமாறுபவர் கேட்பது ஐய வினா. இன்றைய பட்டியல்களில் பெருகிக் கிடப்பவை அறிவினாக்களே. 'இந்த மென்பொருள் ஏன் சிறந்தது?' என்று பயன்படுத்துவோர் யாரும் கேட்பதில்லை. அது நிறுவனம் தன்னைத் தானே கேட்டுக்கொள்வது. தேடல் முடிவுகளில் கூடுதல் இடம் பிடிப்பதற்காகவும் இப்படிப்பட்ட கேள்விகள் எழுதப்பட்டன. அந்த ஆதாயமும் நிலைக்கவில்லை: 2023 ஆகஸ்டில் கூகுள், தேடல் முடிவுகளில் கேள்வி-பதில்களை விரித்துக் காட்டும் வசதியை நன்கு அறியப்பட்ட அரசு, உடல்நலத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. பட்டியலில் இருக்க வேண்டியவை அறியா வினாவும் ஐய வினாவும். அவற்றை மேசையில் அமர்ந்து கற்பனை செய்ய முடியாது. உதவிக் கோரிக்கைகள், பிழை முறையீடுகள், ஆவணத்தில் தேடி ஒன்றும் கிடைக்காமல் போன சொற்கள், பயிற்சி வகுப்பில் மாணவர்கள் தடுமாறி நின்ற இடங்கள் ஆகியவற்றிலிருந்து எடுக்க வேண்டும். பின்னால் ஒரு பதிவாவது இல்லாத கேள்வியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், சேர்க்கக் கூடாது.

இனி வரிசை. நிரலின் கூறுகளை ஒட்டி நிறுவல், அமைப்பு, பயனர் கணக்கு, அறிக்கை என்று பகுப்பது எளிது. ஆனால் அது கையேட்டின் பொருளடக்கத்தையே இரண்டாம் முறை அச்சிடுவதாகும். கேட்பவர் யார், எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதை ஒட்டிப் பகுப்பதே பொருத்தம். பைத்தான் மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் கேள்வி-பதில் எட்டுப் பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. நிரல் எழுதுபவருக்கு ஒரு பக்கம். மொழி ஏன் இப்படி வடிவமைக்கப்பட்டது என்று கேட்பவருக்கு இன்னொரு பக்கம். விண்டோஸ் கணினியில் பயன்படுத்துபவருக்கு வேறொரு பக்கம். எட்டாவது பக்கம் என்னை மிகவும் கவர்கிறது: 'என் கணினியில் ஏன் பைத்தான் இருக்கிறது?' என்று கேட்பவருக்கானது அது. அவர் நிரலர் அல்லர். பைத்தானைத் தேடிப் போனவரும் அல்லர். வேறு ஏதோ மென்பொருள் கொண்டுவந்து வைத்ததைக் கண்டு, இதை நீக்கலாமா என்று கவலைப்படுகிறார். உள்ளமைப்பை ஒட்டிய எந்தப் பகுப்பிலும் இந்த மனிதருக்கு இடம் இருக்காது. கேட்பவரை ஒட்டிப் பகுத்ததால் அவருக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்தது.

ஒரு பிரிவுக்குள் கேள்விகளை அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. சம்மிட்டின் சி பட்டியலில், எந்த இடத்தையும் சுட்டாத நல் பாயின்டர் பற்றிய ஐந்தாம் பிரிவைப் பாருங்கள். நல் பாயின்டர் என்றால் என்ன என்பதில் தொடங்கி, அதை நிரலில் எப்படிப் பெறுவது என்று போய், ஒரு பதில் கிளப்பும் அடுத்த ஐயத்தையே அடுத்த கேள்வியாக வைத்துக்கொண்டு செல்கிறது. பிரிவின் பிற்பகுதியில், இந்தப் பொருளில் ஏன் இவ்வளவு குழப்பம் என்ற கேள்வியும், எனக்கு இன்னும் புரியவில்லையே என்ற முறையீடும்கூட இடம்பெறுகின்றன. குழம்பியவரைக் குழப்பத்தோடேயே ஏற்றுக்கொண்டு பேசும் நேர்மை அது. நம் உரையாசிரியர்கள் செய்ததும் இதுவே. இறையனார் அகப்பொருள் உரை நெடுகிலும் வினாவும் விடையுமாகச் செல்வது. நூற்பாவைப் படிப்பவருக்கு எங்கே ஐயம் எழுமோ அங்கேயே வினா எழும். விடையும் அங்கேயே கிடைக்கும். எல்லா ஐயங்களையும் நூலின் கடைசியில் கொட்டிவைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஐயத்துக்கு உரிய இடம் அது பிறக்கும் இடம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இது நான்காவது முடிவுக்கு, அதாவது கேள்வியின் ஆயுளுக்கு, நம்மை அழைத்துவருகிறது. பட்டியலில் ஒரு கேள்வி நுழைந்தவுடன், இதற்கு நிரந்தர இடம் எது என்று கேட்டாக வேண்டும். மூன்று வழிகள் உண்டு. கையேட்டின் ஒரு பக்கம் தெளிவில்லாமல் இருந்ததால் பிறந்த கேள்வி என்றால், அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டுக் கேள்வியை எடுத்துவிட வேண்டும். மென்பொருளே தடுமாற வைத்தது என்றால், திருத்தம் மென்பொருளுக்குள் போக வேண்டும். பைத்தானின் ஊடாடு திரை, அதில் 'எக்சிட்' என்று தட்டினால், வெளியேற அடைப்புக்குறியும் சேர்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. பயனர் விரும்புவது என்ன என்று நிரலுக்குத் தெரியும், ஆனாலும் செய்யவில்லை. 2024இல் வந்த 3.13 பதிப்பில் அந்தச் சொல்லைத் தட்டினாலே வெளியேறிவிடலாம். ஒரு கேள்வி அங்கே நல்லபடியாக முடிந்துபோனது. எஸ்கியூலைட்டில் எண்ணுக்கான நெடுவரிசையில் எழுத்துச் சரத்தையும் சேர்க்க முடிகிறதே என்பது பழைய முறையீடு. அது பிழையன்று, வேண்டுமென்றே வைத்த இயல்பு என்று கேள்வி-பதில் பக்கம் விளக்கிவந்தது. 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து, கண்டிப்பான வகைச் சோதனை வேண்டுவோர் அட்டவணையை அப்படியே உருவாக்கிக்கொள்ள வழி வந்தது.

மூன்றாவது வகைக் கேள்விகளே பட்டியலில் நிலைக்க வேண்டியவை. பக்கமும் தெளிவாக இருக்கும், மென்பொருளும் சொன்னதைச் செய்யும். வாசகர் கொண்டுவரும் எதிர்பார்ப்பு மட்டும் வேறாக இருக்கும். கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் மென்பொருளின் கேள்வி-பதில் பக்கத்தில், சில கோப்புகளைப் புறக்கணிக்கச் சொன்னேன், இன்னும் கண்காணிக்கிறதே என்றொரு முறையீடு இருக்கிறது. புறக்கணிப்புப் பட்டியல் இதுவரை கண்காணிக்கப்படாத கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே சேர்த்த கோப்பைக் கண்காணிப்பிலிருந்து தனியாக விலக்க வேண்டும். இது கையேட்டிலும் எழுதியே இருக்கிறது. ஆனால் 'புறக்கணி' என்ற சொல்லிலிருந்து எவரும் இயல்பாக எதிர்பார்ப்பது வேறு. அந்த எதிர்பார்ப்பைத் திருத்த எந்த அத்தியாயமும் தனியாகப் போதாது. இத்தகைய கேள்விக்காகவே கேள்வி-பதில் பகுதி இருக்கிறது. அதன் பதிலும் அதற்கேற்ற வடிவில் இருக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் செய்ய வேண்டியது, அடுத்து ஏன் என்ற காரணம், கடைசியில் முழு விளக்கம் உள்ள பக்கத்துக்கு வழி. விளக்கம் முழுவதையும் இங்கேயே மறுபடி எழுதினால், ஒரே செய்தி இரண்டு இடங்களில் வாழும். அடுத்த பதிப்பில் ஒன்றைத் திருத்துவார்கள், மற்றது பழசாகி வாசகரை ஏமாற்றும்.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது, நல்ல ஆவணத்துக்குக் கேள்வி-பதில் பகுதியே வேண்டாம் என்பது. பிரித்தானிய அரசின் கவ்.யூகே தளம் இதையே தன் எழுத்து விதியாக வைத்திருக்கிறது. கேள்வி-பதில்கள் மற்றப் பக்கங்களின் செய்தியைத் திரும்பச் சொல்கின்றன, தலைப்பின் முதலில் வர வேண்டிய முக்கியச் சொல்லைப் பின்னுக்குத் தள்ளுகின்றன என்பது அதன் காரணம். டேனியேலே புரோச்சிடாவின் டயாடக்சிஸ் முறையும் ஆவணத்தைப் பாடம், செய்முறை, குறிப்புதவி, விளக்கம் என்று நான்காகவே பகுக்கிறது; கேள்வி-பதிலுக்குத் தனி அறை தரவில்லை. இந்த வாதத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். முன் சொன்ன மூன்று வழிகளில் இரண்டு, பட்டியலைக் காலி செய்யும் வழிகளே. ஆனால் எல்லா வாசகரும் முதல் பக்கத்திலிருந்து வருவார்கள் என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜான் கரோல் மேற்கொண்ட ஆய்வுகள், அவர் 1990இல் வெளியிட்ட 'நியூரம்பர்க் புனல்' என்ற நூலில் விரிவாக உள்ளன. மக்கள் கையேட்டைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. வேலையில் இறங்குகிறார்கள், தவறுகிறார்கள், பிறகு தேடுகிறார்கள் என்று அவை காட்டின. தவறிய பின் தேடுபவருக்கு அறிகுறி வழியாக ஒரு வாசல் வேண்டும். அதை எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி.

இரண்டாவது வாதம் இக்காலத்தது. தேடல் கருவி இருக்கிறது, செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியும் வந்துவிட்டது. யாரும் பட்டியலைப் படிக்கப்போவதில்லை, பிறகு ஒழுங்கு எதற்கு என்கிறார்கள். கருவி எதிலிருந்து பதில் எடுக்கும் என்று கேட்டால் இதற்கு விடை கிடைத்துவிடும். எழுதிவைத்ததிலிருந்துதான். அறிகுறியும் காரணமும் ஒரே இடத்தில் இணைத்து எழுதப்படாவிட்டால், அந்த இணைப்பை இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கும். எந்தப் பதிப்புக்கு உரியது என்ற குறிப்பு இல்லாத பழைய பதில், பட்டியலில் கிடந்தபோது சிலரையே ஏமாற்றியது. இப்போது கருவியின் வாய்மொழியாகப் பலரிடம் உறுதியான குரலில் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பதிலிலும் அது எந்தப் பதிப்புக்குப் பொருந்தும், கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பு இன்று முன்னைவிட அவசியம்.

மூன்றாவதாக, சிறு குழுக்களுக்கு இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்பார்கள். நான் சொல்லும் முறை வேலையைக் குறைப்பது. நூறு கற்பனைக் கேள்விகளைப் பராமரிப்பதைவிடப் பத்து உண்மைக் கேள்விகளைப் பராமரிப்பது எளிது. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் பட்டியலை ஒருமுறை எடுத்து, எது பக்கத்துக்குப் போகிறது, எது மென்பொருளுக்குப் போகிறது, எது நிற்கிறது என்று பிரித்தால் போதும். அந்தச் சிறு வேலை உதவிக் கோரிக்கைகளையும் குறைக்கும்.

கடைசியாகத் தமிழில் ஆவணம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்து மூன்று. பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு அதை ஐந்து குறியீடுகளாக வைத்திருப்பதால் இப்படி வருகிறது. சொல்லைத் திருப்பிப் போட்டால் குறிகள் தம் மெய்யை விட்டு விலகிப்போகும். தமிழில் நிரல் எழுதத் தொடங்குபவருக்கு இந்த ஐயம் இயல்பாக எழும். ஆங்கிலச் சொல்லை மட்டும் கையாள்பவருக்கு எழாது. அதனால் ஆங்கில ஆவணத்தின் பட்டியலை எவ்வளவு செம்மையாக மொழிபெயர்த்தாலும் இந்தக் கேள்வி நமக்குக் கிடைக்காது. யூனிகோடு அமைப்பே தமிழுக்கெனத் தனிக் கேள்வி-பதில் பக்கம் வைத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கையேட்டை மொழிபெயர்க்கலாம், கேள்விகளை மொழிபெயர்க்க முடியாது, கேட்பவர்களிடமிருந்து சேகரிக்கத்தான் வேண்டும். தமிழ் இடைமுகத்தோடு வரும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் ஆசிரியர், மாணவர், அலுவலர், கடைக்காரர் ஆகியோர் எங்கே தடுமாறி நிற்கிறார்கள், என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்லிலேயே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பிலிருந்து உங்கள் முதல் பத்துக் கேள்விகளை எழுதுங்கள். மற்றவற்றை எழுதாமல் விட்டாலும் குறையில்லை.